இடது பக்கத்து அம்மா

டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

வழக்கமாக நிற்க மாட்டேன். ஸ்லைடைக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இன்றைக்குக் கால் நகரவில்லை.

எங்கள் லேபில் நஞ்சுக்கொடியைத் தவிர வேறு பேச்சே கிடையாது. பிள்ளை பிறந்த கையோடு, அம்மா சம்மதித்திருந்தால், பிரசவ அறையிலிருந்து எங்களுக்கு வந்துவிடும். ஒரு துண்டு வெட்டி ஃப்ரீசரில் போடுவேன். பிறகு அதை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றுவேன். கொழுப்பு இருக்கிற இடமெல்லாம் துளித்துளியாகச் சிவக்கும்.

அம்மாவின் ரத்தத்தில் வருகிற கொழுப்பை நஞ்சுக்கொடி வாங்குகிறது. கொஞ்சத்தைத் தான் எரித்துக்கொள்கிறது, கொஞ்சத்தைப் பிள்ளைக்கு அனுப்புகிறது. கனத்த உடம்புள்ள அம்மா என்றால் வரத்து அதிகம், எரித்து மாளாது. மிச்சத்தைத் தனக்குள்ளேயே அடைத்து வைத்துக்கொள்ளும் என்பது டாக்டரின் கணிப்பு. அது சரியா என்று பார்ப்பதற்குத்தான் இவ்வளவு பாடும்.

எந்த ஸ்லைடு யாருடையது என்று டாக்டருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடும். எண் ஒட்டுகிற எனக்கு மட்டும் தெரியும். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது.

அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என் புருஷனைக் கேட்டால் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் அம்மா, சித்தி, அக்கா எல்லாருக்குமே கனத்த உடம்பு. நானும் அப்படித்தான் இருந்தேன். வாயைக் கட்டி, பஸ்ஸை விட்டுவிட்டு நடையாய் நடந்து இளைத்தேன். பழைய சட்டையில் இப்போது என்னைப்போல் இரண்டு பேர் நுழையலாம். டாக்டர் இங்கே வேலைக்கு வந்தது அதற்குப் பிறகு. என் பழைய உருவத்தை அவர் பார்த்ததே இல்லை.

என் நாத்தனார் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வெளியேதான் வற்றியிருக்கிறது, உள்ளே உங்கள் வீட்டு வாகு அப்படியே இருக்கும், அது எங்கே போகும் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் அப்போது மாசமாக இருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தவர் யார், என்னத்தைச் சொல்லி வாயடைப்பது?

அதனால்தான் என் நஞ்சுக்கொடியையும் லேபுக்கே எழுதிக்கொடுத்தேன். பிரசவ விடுப்பு முடிந்து வந்ததும் எல்லாவற்றையும்போல அதற்கும் ஓர் எண் ஒட்டினேன். டாக்டரிடம் மூச்சு விடவில்லை.

தட்டில் இன்று வலது பக்கம் இருந்தது அதுதான். இடது பக்கம் கனத்த உடம்புள்ள ஓர் அம்மாவுடையது, ஃப்ரீசரின் அடித்தட்டில் பல வருஷமாகக் கிடந்தது. இரண்டுக்கும் ஒரே சாயம், ஒரே நேரம். நான் எதையும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

டாக்டர் இடது பக்கத்து ஸ்லைடைப் பார்த்தார். அதிக நேரம் எடுக்கவில்லை. எங்கே பார்த்தாலும் சிவப்பு, கனத்த அம்மாதான் என்று சொல்லிவிட்டார்.

அடுத்து வலது. திருகைத் திருப்பினார், நகர்த்தினார், மறுபடி திருப்பினார். இதுவும் கனத்த அம்மா என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டால், நான் நடந்த நடையெல்லாம் சட்டை அளவோடு நின்றுபோனது என்று அர்த்தம்.

துளிகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான், இது சாதாரண எடையுள்ள அம்மா, சந்தேகமே இல்லை என்றார்.

அப்பாடா. எனக்கு அந்த இடத்திலேயே ஒரு குதி குதிக்கலாம்போல இருந்தது. இரண்டே ஸ்லைடை வைத்து ஊருக்குச் சொல்லிவிட முடியாது, இன்னும் நிறையப் பார்க்கணும் என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கு ஊர் வேண்டாம். நாத்தனாருக்குச் சொன்னால் போதும்.

வாயை மூடிக்கொண்டு அப்படியே போயிருப்பேன். டாக்டர்தான் சும்மா இருக்காமல் இடது பக்கத்து ஸ்லைடைக் கையில் எடுத்து, உச்சுக் கொட்டினார்.

"பாவம், இந்த அம்மா வயித்துல இருந்த குழந்தை என்ன பாடு பட்டுதோ, இப்ப எப்படி இருக்கோ."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாவமாம். வந்ததையெல்லாம் பிள்ளை தலையில் கொட்டாமல் முடிந்த மட்டும் தானே சுமந்துகொண்டு கிடந்திருக்கிறது அந்த நஞ்சுக்கொடி. அதைப் பார்த்து உச்சுக் கொட்டுவதா? டாக்டர்தான் சொல்லி முடித்தாயிற்றே, இனி வாயைத் திறந்தால் என்ன?

"அந்தக் குழந்தை நேத்து ஸ்கூல் ஓட்டப்பந்தயத்துல முதல்ல வந்தா டாக்டர். அவ என் மூத்த பொண்ணு, நான் குண்டா இருந்தப்ப பொறந்தவ. அதையும் அப்பவே இங்க எழுதிக் குடுத்துட்டேன். வலது பக்கம் இருக்கறது அவ தம்பியோடது."

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஸ்லைடைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, என்னை உட்காரச் சொன்னார்.

நான் இடது பக்கத்து ஸ்லைடைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தேன்.