பேசாத கிளி

“நாலு மணி நேரம் வாயைத் திறக்காம இருப்பியா?” என்று எனக்கு வேலை தர வந்த வெஸ்லி அங்கிள் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பில் ‘பிரசென்ட் மிஸ்’ சொல்ல வாய் வராமல் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். தலையாட்டினேன். கூட்டத்தைப் பார்த்து ஓடினாலோ, பேசினாலோ வேலை போய்விடும் என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

ஹைதராபாதில் நாடுகளுக்கிடையே கலப்பு அணி டென்னிஸ் போட்டி. ஆண்கள் ஆட்டத்தில் இந்தியாவும் பெண்கள் ஆட்டத்தில் ஜப்பானும் ஜெயித்திருந்தன. கடைசியாகக் கலப்பு இரட்டையர். அதில் இந்தியா வென்றதும் அரங்கமே எழுந்து கூவியது. போட்டியின் சின்னமான ஆளுயரப் பச்சைக் கிளி மைதானத்தில் தீன்மார் குத்தாட்டம் போட்டுவிட்டு ரசிகர்கள் பக்கம் வந்தது.

என் அக்கா ஆனி ஓடிவந்து கிளியைக் கட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தாள்.

“உன் தங்கச்சியையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?” என்றாள் அவள் தோழி பத்மஜா.

“நக்கோ, வேணவே வேணாம். நாலு பேரைப் பார்த்தா கட்டிலுக்கு அடியில போயிருவா. காலையில என் சிவப்பு ஷூவைக் காணோம். பார்த்தியாடின்னு கேட்டேன், அதுக்கே பதில் இல்ல.”

“இந்தக் கிளிகிட்ட டான்ஸ் கத்துக்கச் சொல்லு.”

சிரித்தபடி போனில் படத்தைப் பெரிதாக்கிய ஆனி, சட்டென்று குனிந்து கிளியின் காலைப் பார்த்தாள். சிவப்பு ஷூ.

“அடிப்பாவி, நீயா?”

வெஸ்லி அங்கிள் தூரத்தில் நின்று கவனித்துக்கொண்டிருந்தார். பச்சை இறக்கையால் அக்காவின் கன்னத்தைத் தட்டிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் ஆடிக்கொண்டே போய்விட்டேன்.