கதவில்லாத குளியலறை

குளியலறைக் கதவின் கடைசித் திருகாணியை ஆசாரி கழற்றுகிறார். போன வருஷம் உள்ளே கைப்பிடிக் கம்பி பதித்தவரும் அவர்தான். அன்று பெரியவர் அதைப் பிடித்து நின்று, "யானையே தொங்கலாம்யா" என்று சிரித்தார். இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். கதவு இருந்தால் நாற்காலி நுழைய இரண்டு விரல் இடம் போதவில்லை. கழற்றிய கதவு சுவரில் சாய்கிறது. ஈரத் தரையும் பிளாஸ்டிக் முக்காலியும் கூடத்து வெளிச்சத்தில் அப்பட்டமாகத் தெரிகின்றன.

"திரை போட்டுக்கலாம்ங்க. என்கிட்ட என்ன வெக்கம்?" என்கிறாள் மனைவி.

"உன்கிட்ட இல்லடி." பெரியவர் குரலைத் தாழ்த்துகிறார். "மருமக இருக்கா."

அடுப்படியில் மருமகள் குழாயை முழுதாகத் திறந்துவிடுகிறாள். பாத்திரம் எதுவும் இல்லாத தொட்டியில் தண்ணீர் சத்தமாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது.