நூற்றுக்கு சைபர்

“நூத்துக்கு சைபரா? அந்த ஆளுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

பக்கத்து சீட் அக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வீசினாள்.

புதுப் பெண் மூக்கை உறிஞ்சினாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று ஃபோனில் கூப்பிடுகிறவர்களுக்கு இங்கிலீஷில் வழி சொல்ல வேண்டும். அதையெல்லாம் பதிவுசெய்து, ஒருவர் கேட்டு மார்க் போடுவார். ஐம்பதுக்குக் கீழே மூன்று தடவை வாங்கினால் வேலை காலி. இவள் ஏற்கெனவே இரண்டு தடவை வாங்கியிருக்கிறாள்.

“அப்படி என்னடி பேசித் தொலைச்சே?”

“லைன் சரியா கேக்கலக்கா. ‘கேன் யூ ஹியர் மீ?’ன்னு கேக்கணும். பதட்டத்துல ‘ஆர் யூ லிசனிங்?’னு கேட்டுட்டேன். அதட்டுற மாதிரி ஆயிடுச்சு. அப்புறம், ‘ஐ வில் ஷோ யூ’ன்னு சொல்றதுக்கு ‘ஐ வில் லேர்ன் யூ’ன்னுட்டேன்.”

“ஃபோன்ல பேசின ஆள் கோவிச்சுக்கிட்டாரா?”

“சிரிச்சார்க்கா. இன்டர்நெட் வந்ததும் நாலு தடவை தேங்க்ஸ் சொன்னார்.”

“கேட்டவருக்குப் புரிஞ்சுது, வேலையும் முடிஞ்சுது. மார்க் போடுற இவருக்கு எங்க வலிக்குது? இங்கிலீஷ் என்ன, இவர் அப்பன் வீட்டு சொத்தா?”

“வேலை போச்சுன்னா வீட்டுல என்னக்கா சொல்வேன்? அப்பாவும் வேலையில்லாம வீட்டுலதான் இருக்கார்...”

அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. விறுவிறுவென்று போய்க் கண்ணாடி அறைக் கதவைத் தள்ளினாள்.

மார்க் போடுகிறவர் நிமிர்ந்தார். ஆபீசில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி.

“சார், ரெண்டு வார்த்தை மாறினதுக்கு சைபரா? ‘குட் மார்னிங்’னு ஒழுங்கா சொன்னாளே, அதுக்கு ரெண்டு மார்க் போட்டா உங்க கை தேஞ்சிடுமா?”

“போட்டிருக்கலாம்.”

“அவ பேசினதுக்கு எவ்வளவுதான் சார் தேறும்?”

“நாப்பத்தஞ்சு.”

“தெரிஞ்சே சைபர் போட்டீங்களா! நீங்கள்லாம் ஒரு மனுஷனா?”

அவர் எழுந்து வந்து, திறந்திருந்த கதவைச் சாத்தினார்.

“மெதுவா பேசும்மா, மேனேஜர் காதுல விழுந்தா அவ வேலையும் என் வேலையும் போயிடும். நாப்பத்தஞ்சு போட்டா அது மூணாவது ஃபெயில். சைபர் போட்டா, ரெக்கார்டிங் பழுதுன்னு நினைச்சு கம்ப்யூட்டர் அதைக் கணக்குலயே சேர்க்காது.”