குத்தாத கவுன்

"எங்கடி குத்துது? சொல்லு, இப்பவே வெட்டி எடுத்துடறேன்."

அம்மா கையில் கத்தரியோடு என் முன்னால் மண்டியிட்டிருந்தாள்.

கதவுக்கு வெளியே ஊர் மண்டபம் நிறைந்து வழிந்தது. ஃபுட்பால் கிளப் நடத்தும் டெப் பால் என்ற நடன விழா. வெள்ளைக் கவுனும் முழங்கை வரை கையுறையுமாக ஒரு பெண், ஒரு பையனின் கையைப் பிடித்து நடந்து போய், மேயர் முன்னால் முழங்கால் மடக்கி வணங்கினால், எங்கள் ஊர்க் கணக்கில் அவள் பெரிய மனுஷி.

மற்றப் பெண்களுக்கு அந்த நடை தானாக வந்தது. நான் கண்ணாடி முன்னால் மனப்பாடம் செய்தேன்.

மைக்கில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. அடுத்து நான்.

அம்மாவுக்கு இது புதிதில்லை. சித்தி கல்யாணத்தில் சர்ச்சுக்குள்ளேயே கவுனைக் கழற்றி எறிந்த பிள்ளை நான். நெட்பால் சீருடையைப் போடமாட்டேன் என்று அழுது புரண்டேன். எனக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அம்மாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்.

"அவளுக்குத் தையல் குத்தும். வேற ஒண்ணுமில்ல."

சித்தியிடம், டீச்சரிடம், கடையில் முறைத்துப் பார்த்தவர்களிடம், அதைச் சொல்லிச் சொல்லியே சண்டை போட்டாள். நானும் நம்பினேன். குத்தியதும் உண்மைதானே.

அதனால் இந்தக் கவுனை அவளே தைத்தாள், குளிர்காலம் முழுக்க. தையல் ஓரங்களை எல்லாம் வெளிப்பக்கம் திருப்பி, மேலே ரிப்பன் வைத்து மறைத்தாள். உள்ளே மூங்கில் நாரில் நெய்த துணி. மெத்தென்று ஆகும்வரை துவைத்துத் துவைத்துக் காயவைத்தாள். என் பழைய பைஜாமாகூட இவ்வளவு மிருதுவில்லை.

"சொல்லேன்டி. கழுத்துலயா? இடுப்புலயா?"

எனக்குப் பொய் சொல்ல வராது.

"எங்கயும் குத்தலம்மா."

"அப்பாடா!" அம்மாவின் முகம் மலர்ந்தது. பாவம்.

"அதான்மா பயமா இருக்கு. எங்கயும் குத்தல, ஆனாலும் கழட்டி எறியணும் போல இருக்கு. அப்போ துணி காரணமில்ல. நான் பொண்ணு இல்லம்மா."

அம்மாவின் சிரிப்பு போக வழி தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"மிஸ் ஜார்ஜினா பாஸ்கோ! உடன் வருபவர், மிஸ்டர் லாக்லன் ரீட்!"

கைதட்டல் எழுந்து, அடங்கியது. யாரோ இருமினார்கள். மறுபடியும் என் பெயர்.

சித்தி கதவைத் தட்டி அம்மாவைக் கூப்பிட்டாள். "லியான், உள்ள என்னதான் பண்றீங்க? மேயர் நிக்கறாரு!"

அம்மா எழுந்தாள். முகங்களைப் படிக்க எனக்கு எப்போதுமே வராது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்று இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

அவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, என்னை மறைத்து நின்றாள்.

"அடுத்த பொண்ணைக் கூப்பிடச் சொல்லு," என்றாள். "தையல் குத்துதாம். வேற ஒண்ணுமில்ல."

தாழ் போட்டுவிட்டு என் முதுகுப் பக்கம் வந்து பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள்.

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.