நானே மாட்டிய பிரேக்

"உங்க அண்ணன் முதல் இறக்கத்துலயே கடல்ல குளிக்கப் போறார், பாரு!"

பக்கத்து வீட்டு வாசலில் நின்று என் தங்கையிடம் அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை, சத்தமாகச் சொன்னார். எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் அந்தச் சத்தம். நாங்கள் பேசி ஏழு வருடமாகிறது.

தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கிற திமிர். "லாரி ஓட்டினவருக்கு சைக்கிளைப் பத்தி என்ன தெரியும்?" என்று ஒருநாள் நாலு பேர் முன்னால் சிரித்தார். அன்றிலிருந்து அவர் கடைப்பக்கம் நான் தலைவைத்தும் படுப்பதில்லை. பஞ்சரிலிருந்து எல்லாம் என் கைவேலைதான். நேற்றுக் காலைகூடப் புது பிரேக் ரப்பர் மாட்டினேன்.

கலங்கரை விளக்கம்வரை கடலோரமாக நூற்றிருபது கிலோமீட்டர். தனியாக, அதுவும் மழையில். போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தச் சிரிப்புக்குப் பதில் சொன்ன மாதிரி.

"அண்ணே, மழை விட்டதும் போங்களேன்."

"மழையில ஓட்டினாத்தாம்மா யார் ரிப்பேர் பார்த்த வண்டின்னு ஊருக்குத் தெரியும்."

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்தையே பார்த்தார். கண் போடுகிறார்!

பத்தாவது கிலோமீட்டரில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் காற்று, நடுவில் நான். எதிரே வந்த லாரிக்காரர், "பெருசு, கலக்குறீங்க!" என்று ஹாரன் அடித்தார். அறுபத்திரண்டு வயதில் தொண்டை கிழியப் பாடினேன். கேட்க ஆளில்லை; அதனால் நன்றாகவே இருந்தது.

மறுநாள் அந்தப் பெரிய இறக்கம். கீழே சட்டென்று ஒரு வளைவு. வளைவைத் தாண்டினால் பாறையும் கடலும்தான். சைக்கிள் பறந்தது. இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தினேன்.

கிரீச்! வளைவுக்கு இரண்டு முழம் முன்னால் கல் மாதிரி நின்றது.

"மாப்ள, பார்த்தீங்களா என் பிரேக்கை!" கடலைப் பார்த்துக் கத்தினேன்.

கலங்கரை விளக்கத்தை எட்டியதும் அடிவாரத்துச் சைக்கிள் கடையில் காற்றடிக்க நிறுத்தினேன்.

"பிரேக் பிரமாதம் பெரியவரே. யார் கைவேலை?" என்றார், நான் நிறுத்தியதைப் பார்த்த கடைக்காரர்.

"நான்தான்! ரப்பர் உட்கார்ற இரும்புக் கூட்டுல திறந்த பக்கம் முன்னால வர்ற மாதிரி கச்சிதமா மாட்டினேன்."

அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அப்படி மாட்டியிருந்தா நீங்க இங்க நிக்க மாட்டீங்க. பிரேக் பிடிச்சதுமே சக்கரம் இழுத்து ரப்பர் முன்பக்கமா நழுவி விழுந்திருக்கும். இதுல மூடின பக்கம்தான் முன்னால இருக்கு. விஷயம் தெரிஞ்ச யாரோ திருப்பி மாட்டியிருக்காங்க."

தங்கைக்குப் போன் போட்டு, மாப்பிள்ளை என் சைக்கிளைத் தொட்டாரா என்று கேட்டேன்.

"ஆமாண்ணே. முந்தாநாள் மத்தியானம் நீங்க தூங்குறப்ப வந்து மாட்டினார். சொன்னா கழட்டி எறிஞ்சிடுவீங்க, வாயைத் திறக்காதேன்னுட்டார். ரெண்டு நாளா மனுஷன் ஒழுங்காச் சாப்பிடல. போன் அடிச்சா முதல்ல ஓடி வர்றது அவர்தான்."

"அவர்கிட்டக் குடு."

போன் கைமாறியது. ஒருமுறைக்கு இருமுறை செருமிக்கொண்டேன். ஏழு வருடம் என்றால் சும்மாவா?

"மாப்ள," என்றேன், "பின் பிரேக் கொஞ்சம் இறுக்கமா இருக்கு. நாளான்னைக்குக் கடைக்குக் கொண்டு வர்றேன். என்னன்னு பாருங்க."