திருப்பி மாட்டிய பேடு

திருவேங்கடம் முதன்முறையாகத் தானே தன் பைக்குக்கு முன்பக்க பிரேக் பேடுகளை மாற்றினார். வெளிப்பேடு சரியாக உட்கார்ந்தது. உள்பேட்டை மட்டும், அதன் இரும்பு முதுகு சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் படும்படி திருப்பி மாட்டிவிட்டார்.

“அண்ணே, நான் திரும்பி உட்கார்ந்திருக்கேன். அவர்கிட்ட சொல்லிடட்டுமா?” என்று கேட்டது உள்பேடு.

“வந்த அன்னைக்கே குறை சொல்லாதே. அவர் வீடியோ பார்த்து மாட்டியிருக்கார்,” என்று அதட்டியது வெளிப்பேடு.

உள்பேடு பல்லைக் கடித்துக்கொண்டது. தெருமுனையில் அவர் பிரேக் பிடித்ததும் முதுகு தீயாய் எரிய, தாங்க முடியாமல் கிறீச்சென்று அலறிவிட்டது.

டிஸ்க்கில் கோடு விழுந்திருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பிய திருவேங்கடம், “மட்டமான சரக்கு” என்று இரண்டையும் கழற்றிக் குப்பையில் வீசினார்.

குப்பையில் கிடந்தபடி வெளிப்பேடு சொன்னது:

“நீ மட்டும் கத்தாம இருந்திருந்தா, இந்நேரம் நாம ஓடிக்கிட்டிருப்போம்.”