மெதுவாகப் போகும் படகு

“இதைவிட மெதுவாப் போறது ஏதாவது இருக்கா?” என்று கேட்டார் பல் டாக்டர்.

படகு விற்பவர் தன் காதையே நம்பவில்லை. கிளப் பந்தயத்துக்கு இருவர் ஓட்டும் பாய்மரப் படகு வாங்க வருகிறவர்கள் எல்லாரும் வேகத்தைப் பற்றித்தான் மூச்சு விடாமல் கேட்பார்கள். இந்த மனிதர் என்னடாவென்றால், வழவழவென்று மின்னும் புதுப் படகுகளைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

டாக்டரின் பயம் டாக்டருக்கு. அவருடைய மாமனார்தான் கிளப்பின் தலைவர். போன வருடப் பந்தயத்தில் மூத்த மாப்பிள்ளை தெரியாத்தனமாக அவரை ஜெயித்துத் தொலைத்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. சகலைக்காவது தனி வீடு இருக்கிறது. டாக்டர் குடியிருப்பது மாமனார் வீட்டு மாடியில்.

இந்த வருடம் சின்ன மாப்பிள்ளையும் கலந்துகொண்டே ஆக வேண்டும் என்று மாமனார் உத்தரவு போட்டுவிட்டார். கலந்துகொண்டு தோற்றே ஆக வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார்.

நல்ல வேளையாக, கூட வந்திருந்த மனைவியும் அவர் கட்சிதான். கவலையே படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, கொட்டகையின் கடைசி வரை போய் ஒரு பழைய படகைத் தட்டிப் பார்த்தாள். அகலமான வயிறு, ஒட்டுப்போட்ட பாய். பிடித்துத் தள்ளினால்கூட யோசித்துத்தான் நகரும் போலிருந்தது.

“அம்மா, கிளப்ல எந்தப் படகு எப்படிப் போகும்னு பார்த்துத்தான் நேரத்தை…” என்று இழுத்தார் விற்பவர்.

“அதெல்லாம் எனக்குத் தெரியும். நான் அந்தக் கிளப்லயே வளர்ந்தவ” என்று அவர் வாயை அடைத்தாள். டாக்டருக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

பந்தயத்தன்று மாமனாரின் படகு பிய்த்துக்கொண்டு போனது. டாக்டர் நிம்மதியாகக் காலை நீட்டினால் மனைவி விடவில்லை. பாயை இழு, வெளியே சாய், தலையைக் குனி என்று பெண்டை நிமிர்த்திவிட்டாள். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டதற்கு, வேண்டுமென்றே தோற்கிறோம் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் இன்னும் மோசம் என்றாள். அதுவும் சரிதான் என்று பட்டது.

மாமனார் கரையேறித் தலை துவட்டிக்கொண்டிருந்தபோதுதான் இவர்கள் படகு கடைசி ஆளாக ஆடி அசைந்து வந்தது. டாக்டர் சந்தோஷம் தாங்காமல் ஓடிப்போய் வாழ்த்துச் சொன்னார். மாமனார் கையை நீட்டினாரே தவிர, கண் கடிகாரத்தில் இருந்தது.

நேரம் குறிப்பவர் ஒலிபெருக்கியை எடுத்தார். எல்லாப் படகும் ஒரே வேகம் இல்லை என்பதால், மெதுவான படகுகளுக்கு வழக்கம்போல நேரத்தைக் கழித்திருப்பதாகச் சொன்னார். கழித்துப் பார்த்ததில் முதல் இடம் டாக்டர் தம்பதிக்கு.

மாமனார் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார். நேராகக் காரில் ஏறிப் போயே போய்விட்டார். டாக்டருக்கு மாடியும் பெட்டி படுக்கையும் கண் முன்னால் வந்து நின்றன.

“அடிப்பாவி, நேரம் கழிப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

அவள் வெற்றிக் கோப்பையைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாம என்னங்க? அப்பாவை ஒரு தடவையாவது தோக்கடிக்கணும்னு சின்ன வயசுல இருந்தே எனக்கு ஆசை.”